எழுத்து வசப்படாத மாணாக்கரும் வன்னியின் தொழிற்பயிற்சிக் கூடங்களும்

ஒரு பிரதேசத்தின் கல்வி வரலாற்றினை எழுதப் புகுவோர் பாடசாலைகள் தோன்றிய ஆண்டுகளையும், பரீட்சைகளிற் சித்தியெய்தியோர் தொகையையும், அவற்றுக்கு உறுதுணையாய் நின்ற பெரியோர்தம் பெயர்களையும் கொண்டே தமது கூற்றுக்களை நிறுவுவது வழக்கம். சித்தியெய்தாதோருக்கு அவ்வரலாற்றில் இடமில்லை. எட்டாம் வகுப்போடு வெளியேறியவனும், க.பொ.த. சாதாரண தரத்தில் தாய்மொழிப் பாடத்திலேயே தவறியவளும் பாடசாலைப் படலையைக் கடந்தபின் எங்குச் சென்றனர் என்பதனைப் பாடசாலை மலர்கள் கூறுவதில்லை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்களை உள்ளடக்கிய வன்னிப் பெருநிலப்பரப்பில் அவர்களுட் பலர் சென்றடைந்த இடம் வயல், அடுத்தது தொழிற்கூடம். தொழிற்கூடத்துக்கு வந்தோரில் ஒரு சாரார் கல்வியில் அக்கறையற்றோருமல்லர், அறிவிற் குறைந்தோருமல்லர். எழுத்து தமக்கு வசப்படாத ஒரே காரணத்தால் பாடசாலையை விட்டவர்கள். அவர்களை இனங்காணுவதற்கு வன்னியின் கல்வியமைப்பு ஏன் இத்துணைக் காலம் எடுத்துக்கொண்டது என்பதே ஈண்டு நோக்கப்படுகிறது.

முதலில் ‘கற்றல் இடர்பாடு’ என்னும் தொடரின் பொருளைத் தெளிவுபடுத்திக் கொள்ளுதல் அவசியம். பார்வைக் குறைவு, கேள்விக் குறைவு, பொதுவான அறிவு வளர்ச்சிக் குறைவு ஆகியவற்றை இத்தொடர் குறிப்பதில்லை. ஏனைய ஆற்றல்கள் யாவும் வயதுக்கேற்ப அமைந்திருக்க, வாசித்தலோ எழுதுதலோ கணித்தலோ மட்டும் பெருமுயற்சியின் பின்னும் கைகூடாத நிலையினையே இது சுட்டும். 1896ஆம் ஆண்டிலே பிரிங்கிள் மோர்கன் என்னும் ஆங்கில மருத்துவர், பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றிப் பிரித்தானிய மருத்துவ இதழில் எழுதினார். பல்லாண்டு கற்பித்தும் அச்சிறுவனுக்குச் சிறு சொற்களைத்தானும் வாசிக்க இயலவில்லை. ஆனால், பாடம் முழுவதும் வாய்மொழியாகவே நடைபெறுமாயின் பள்ளியில் அவனே முதல்வனாக விளங்குவான் என்று அவனது ஆசிரியர் கருதினார். மோர்கன் இதனைப் பிறவிச் ‘சொற்குருடு’ என்றார். இன்று வழங்கும் ‘கற்றல் இடர்பாடு’ என்னும் கருத்தினை 1963இல் அமெரிக்கக் கல்வியியலாளர் சாமுவேல் கேர்க் முன்வைத்தார். பிரித்தானியாவில் 1978இல் வெளிவந்த வார்நொக் அறிக்கை, பிள்ளைகளைக் குறைபாட்டின் பெயரால் வகைப்படுத்துவதைக் கைவிட்டு, அவர்தம் கல்வித் தேவையினை நோக்குமாறு வற்புறுத்தியது. மேலைத் தேயங்களிலும் இது அண்மைக்கால அறிவே என்பது இதனாற் புலனாகும்.

இலங்கையில் விசேட கல்வியின் வரலாறு புலன்சார்ந்த குறைபாடுகளோடு தொடங்கிற்று. 1912இல் இரத்மலானையில் மிஷனரிமார் நிறுவிய செவிப்புலன், விழிப்புலன் அற்றோருக்கான பாடசாலையே இதன் முன்னோடி. தமிழ்ப் பிள்ளைகளுக்கு 1956இல் யாழ்ப்பாணத்துக் கைதடியில் நவீல்ட் பாடசாலை அமைந்தது. வன்னியிலிருந்து ஒரு பிள்ளை அங்கு செல்லவேண்டுமாயின் ஆனையிறவைக் கடந்து, பெற்றோரைப் பிரிந்து, விடுதியில் தங்கவேண்டும். 1960களின் இறுதியில் இத்தகைய பிள்ளைகளைச் சாதாரண பாடசாலைகளிலேயே இணைத்துக் கற்பிக்கும் திட்டத்தினை அரசு தொடங்கியபோதும், அதன் நாட்டம் பெரிதும் கண்ணையும் காதையும் பற்றியதாகவே இருந்தது. எழுத்துக்களை மட்டும் இனங்காண முடியாத பிள்ளைக்கு அங்கும் ஒரு பெயரில்லை. வகுப்பறை அவனுக்கு இட்ட பெயர் ‘மக்கு’.

தொழிற்கல்வியின் வரலாறு இதனின் வேறுபட்டதாயினும், முடிவில் இதனையே வந்தடைகிறது. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் தலைமையிலமைந்த விசேட கல்விக் குழு 1943இல் அளித்த அறிக்கை, இலவசக் கல்வியின் பொருட்டுப் போற்றப்படுவது, அது தகும். ஆயின், அதே அறிக்கை மாணவரைப் பரீட்சித்து மூவகைப் பாடசாலைகளுக்குப் பிரித்தனுப்பும் ஏற்பாடொன்றினையும் முன்வைத்தது. ஏட்டுக்கல்வியில் வல்லோர் ஒருபுறம் செல்ல, எஞ்சியோர் செல்லுமிடமாகச் செய்முறைப் பாடசாலை அமைந்தது. திட்டம் அவ்வாறே நடைமுறைக்கு வராவிடினும் அதன் அடியிற் கிடந்த எண்ணம் நிலைத்தது. கைத்தொழில் என்பது தெரிந்தெடுக்கப்படும் துறையன்று, தள்ளப்பட்டோர் சேருமிடம் என்னும் எண்ணமே அது. 1972இன் கல்விச் சீர்திருத்தம் இதனை உடைக்க முயன்றது. கனிஷ்ட இடைநிலை வகுப்புக்களிலே தொழில் முன்னிலைப் பாடங்கள் எல்லா மாணவருக்கும் கட்டாயமாயின. மருத்துவராக விரும்பிய பிள்ளையும் மண்ணையும் மரத்தையும் தொட்டாக வேண்டியிருந்தது. 1975இல் முதன்முறையாக நடந்த தேசிய பொதுக் கல்விச் சான்றிதழ்ப் பரீட்சையும் அச்சீர்திருத்தத்தின் விளைவே. ஆனால் 1977இன் ஆட்சி மாற்றத்தின் பின் அவ்வமைப்பு கைவிடப்பட்டு, பழைய க.பொ.த. சாதாரண தரம் மீண்டது. பயிற்றப்பட்ட ஆசிரியரும் கருவிகளும் போதாமையால் அச்சீர்திருத்தம் தளர்வுற்றது உண்மையே. எனினும், எழுத்தினால் மட்டுமன்றிக் கையினாலும் ஒரு பிள்ளையின் திறனை அளக்கலாம் என்பதனைப் பொதுக் கல்விக்குள் கொணர்ந்த முயற்சி என்றவகையில் அதன் மறைவு ஓர் இழப்பே.

தமிழ்ச் சமூகம் அவ்விழப்பினை உணர்ந்ததாகத் தெரியவில்லை. 1970களில் எமது கல்விச் சிந்தனை முழுவதையும் பல்கலைக்கழக அனுமதியும் தரப்படுத்தலுமே ஆட்கொண்டன. அநீதிக்கெதிரான அக்குரல் நியாயமானது. அதனை எவரும் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஆனால் அக்குரல் பல்கலைக்கழக வாயிலை அடைந்தோருக்காக எழுந்தது. மாவட்ட ஒதுக்கீட்டினால் வன்னிக்கு நன்மையா தீமையா என்ற விவாதமும் அவ்வாயிலைப் பற்றியதே. அக்காலத்தில் இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் மிளகாயும் வெங்காயமும் நல்ல விலை பெற்றன. குடாநாட்டிலிருந்து வன்னிக்கு வந்து காடு வெட்டிப் பயிரிட்டோரின் பிள்ளைகள் தோட்ட வேலைக்காக வகுப்பினை விட்டனர். 1958, 1977 ஆண்டுகளின் வன்செயல்களால் மலையகத்திலிருந்து பெயர்ந்த குடும்பங்களும் வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பகுதிகளிற் குடியேறின. 1976இல் வவுனியாவைத் தளமாகக் கொண்டு எழுந்த காந்தீயம் இயக்கம் அத்தகையோரின் குடியேற்றத்துக்கும் சிறார் கல்விக்கும் உழைத்து, 1983இல் அடக்கப்பட்டது. இக்குடியிருப்புக்களிலே பாடசாலை அரிது; பாடசாலை உள்ளவிடத்து ஆசிரியர் அரிது. வாசிக்கத் தெரியாமை பலருக்கும் பொதுவாக இருந்த சூழலில், வாசிக்க முடியாமை தனித்துத் தெரியவில்லை.

இவ்விரண்டுக்குமிடையேயுள்ள வேற்றுமைதான் இவ்வரலாற்றின் மையம். போர்க்காலம் அவ்வேற்றுமையினை முற்றாக மறைத்துவிட்டது. 1990இல் கிளிநொச்சியில் ஒரு பிள்ளை பிறந்ததாகக் கொள்வோம். அது ஏடு தொடக்கிப் பாடசாலை சேரும் வயதில், 1996 செப்ரெம்பரில், நகரம் படையினர் வசமாகிறது; குடும்பம் அக்கராயன், மல்லாவி என இடம்பெயர்கிறது. அங்குள்ள பாடசாலைகளிலே, ஓராண்டுக்கு முன் யாழ்ப்பாண இடப்பெயர்வில் வந்தோரும் நெருக்கியடித்து இருக்கின்றனர். மர நிழலிலும் ஓலைக் கொட்டிலிலும் வகுப்பு நடக்கிறது. 1997 மே மாதம் ‘ஜயசிக்குறு’ நடவடிக்கை தொடங்குகிறது; மீண்டும் பெயர்வு. 2002இன் போர்நிறுத்தத்தோடு ஊர் திரும்பும்போது அப்பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது. அதற்கு வாசிக்கத் தெரியவில்லையெனில் அதற்கான காரணத்தை எவரும் தேடப்போவதில்லை. காரணம் கண்முன்னே கிடக்கிறது. போர் ஒவ்வொரு தோல்விக்கும் ஆயத்தமான ஒரு விளக்கத்தை அளித்தது. அவ்விளக்கம் பெரும்பாலாருக்குப் பொருந்தியமையாலேயே, அது பொருந்தாத சிலர் காணாமற்போயினர்.

உதவி இல்லாதிருந்தது என்று கூறவியலாது. அது கண்ணுக்குத் தெரிந்த ஊனத்தைத் தேடிச் சென்றது. கண்ணிவெடியிற் காலிழந்தோர் பெருகிய காலம் அது. 1987இல் யாழ்ப்பாணத்தில் ‘ஜெய்ப்பூர்’ கால் செய்யும் நிலையம் தோன்றியது; வன்னியில் வெண்புறா நிறுவனம் செயற்கை உறுப்புக்களைச் செய்தளித்தது. ஊனமுற்ற போராளிகளின் கல்விக்கென ‘நவம் அறிவுக்கூடம்’ இயங்கியது. முல்லைத்தீவு மாவட்டத்து வள்ளிபுனத்தில் இனிய வாழ்வு இல்லம் செவிப்புலன், விழிப்புலன் குறைந்த பிள்ளைகளைப் பேணியது. இவையாவும் பெரும்பணிகள். அவற்றின் பட்டியலிலே எழுத்து வசப்படாத பிள்ளை இல்லை. காயம் இல்லாத இடத்திலே மருந்தினை யார் தேடுவர்?

போர்நிறுத்த காலத்திலே யுனிசெப்பின் ஆதரவோடு இடைவிட்ட மாணவருக்கு விடுபட்ட பாடங்களைத் துரிதமாகக் கற்பிக்கும் முயற்சி வடக்கு கிழக்கில் மேற்கொள்ளப்பட்டது. அதன் நோக்கம் வேறு. ஆனால் அதற்குள் அரியதொரு வாய்ப்பு மறைந்திருந்தது. காலத்தை இழந்த பிள்ளை காலத்தைத் திரும்பக் கொடுத்தால் எழும்பிவிடும். நல்ல கற்பித்தலின் பின்னும் எழும்பாத பிள்ளையே ஆராயப்படவேண்டியது. அமெரிக்காவில் 2004இன் சட்டத் திருத்தம் இம்முறையினையே கற்றல் இடர்பாட்டை இனங்காணும் வழிகளுள் ஒன்றாக ஏற்றது. விலையுயர்ந்த உளவியற் சோதனைகள் எட்டாத வன்னிக்கு இதனிலும் பொருத்தமான சல்லடை வேறில்லை. அச்சல்லடையில் தங்கியோரை எண்ணிப் பார்ப்பதற்குமுன் 2006இல் போர் மீண்டும் மூண்டது. 2009இல் செட்டிகுளத்து மெனிக் பாம் முதலிய முகாம்களுக்குள் ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்கள் அடைபட்டபோது மாணவர் அங்கிருந்தே பொதுப் பரீட்சைகளுக்குத் தோற்றினர்.

தமிழிலே வாசித்தல் கைகூடாமைக்குரிய மொழிசார் காரணங்கள் தனித்து நோக்கத்தக்கன. எமது நெடுங்கணக்கு ஒழுங்கானது என்று பெருமை கொள்கிறோம். ஆங்கிலத்தோடு ஒப்பிடுமிடத்து அது மெய்யே. எனினும் இடருறும் பிள்ளைக்கு அதன் ஒழுங்கிலும் முட்கள் உண்டு. ‘கெ’ என எழுதுகையில் பின்னால் ஒலிக்கும் உயிரின் குறி மெய்க்கு முன்னால் நிற்கிறது. ‘கொ’வில் இருபுறமும் நிற்கிறது. ‘க’ என்னும் ஓரெழுத்தே ‘கல்’, ‘தங்கம்’, ‘அகம்’ ஆகியவற்றில் மூவிதமாக ஒலிக்கிறது. ‘ன’வும் ‘ண’வும் ஒரு சுழியால் வேறுபடுவன. இவற்றினும் பெரிய தடை பேச்சுக்கும் எழுத்துக்குமுள்ள இடைவெளி. ‘வாறான்’ என்று வீட்டிற் கேட்ட பிள்ளை புத்தகத்தில் ‘வருகிறான்’ என்பதனைக் காண்கிறது. மலையக வழிவந்த குடும்பத்துப் பிள்ளைக்கோ வீட்டுத் தமிழ் ஒன்று, அயல்வீட்டுத் தமிழ் இன்னொன்று, புத்தகத் தமிழ் மூன்றாவது.

இந்நிலை தமிழுக்கு மாத்திரம் உரியதன்று. 1959இல் சார்ள்ஸ் பேர்கசன் இரட்டை வழக்கு என்னும் கருத்தினை விளக்கியபோது எடுத்துக்கொண்ட நான்கு மொழிகளுள் அரபு ஒன்று. இஸ்ரேலில் வாழும் அரபுச் சிறுபான்மையினரின் பிள்ளைகளை ஆராய்ந்த எலினோர் சையிக்-ஹத்தாத், வீட்டுப் பேச்சில் இல்லாத ஒலிகளைப் பிரித்தறிவது தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்குக் கூடுதற் கடினமாக இருப்பதை 2003இல் எடுத்துக்காட்டினார். அந்நாட்டில் 1988இல் விசேட கல்விச் சட்டமும், 2008இல் உயர்கல்வி நிலையங்களிற் கற்றல் இடர்பாடுடையோரின் உரிமைபற்றிய சட்டமும் இயற்றப்பட்டன. ஆயினும் இடரினைக் கண்டறியும் சோதனைகள் முதலில் எபிரேய மொழிக்கே உருவாகின. அரபு மொழிக்குரியவை பிந்தியே வந்தன. சட்டம் எல்லோருக்கும் பொதுவாயிருக்க, அதனைப் பயன்படுத்தும் கருவி பெரும்பான்மையோர் மொழியில் இருந்தால், தொழிற்பாடசாலையில் அமர்ந்திருக்கும் சிறுபான்மை மாணவன் ‘சோம்பேறி’ என்னும் பெயரோடுதான் இருக்க நேரும். வன்னிக்கும் அதற்குமிடையே கடல்கள் உள. இந்த ஒன்றில் மாத்திரம் தூரமில்லை. ஆங்கிலத்துக்கு ஆக்கப்பட்ட சோதனையை மொழிபெயர்த்தால் அது தமிழ்ப் பிள்ளையின் இடரினைக் காட்டாது. ஆங்கிலப் பிள்ளை தடுமாறுவது எழுத்துக்கூட்டலில்; தமிழ்ப் பிள்ளையிடம் வாசிப்பின் வேகத்தையும், உயிர்மெய்க் குறிகளின் மயக்கத்தையுமே முதலிற் பார்த்தல் வேண்டும்.

இனி, தொழிற்கூடத்தை நோக்குவோம். வன்னியின் முதலாவது தொழிற்பாடசாலை அரச கட்டடமன்று, வீதியோரத்துத் திருத்தகமே. 1990இன் பின் பொருளாதாரத் தடையினால் எரிபொருளும் உதிரிப்பாகங்களும் அற்றுப்போனபோது, பெற்றோலிற் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் வித்தையையும், ஓர் இயந்திரத்தின் உறுப்பை மற்றொன்றுக்குப் பொருத்தும் வித்தையையும் அங்குள்ளோர் கையாற் கற்றனர். அங்கே பாடப்புத்தகம் இல்லை. மூத்த மெக்கானிக் செய்வதைப் பார்த்து, ஸ்பானர் எடுத்துக்கொடுத்து, ஓசையைக் கேட்டுப் பழுதினை அறிந்து தேர்ந்தனர். மோர்கன் கண்ட சிறுவனுக்கு அவனது ஆசிரியர் விரும்பிய வாய்மொழிக் கல்வி இதுவே எனலாம். இதனை மிகைப்படப் புகழவும் வேண்டியதில்லை. அங்கு கூலி சொற்பம், சான்றிதழ் இல்லை, சிறுவரின் உழைப்பினை உறிஞ்சிய இடங்களும் இருந்திருக்கும். ஆனால் எழுத்தறியாமை அங்கே ஒரு குற்றமாக இருக்கவில்லை.

முறைசார்ந்த பயிற்சியோ எழுத்தின் வாயிலூடாகவே உள்ளே அழைத்தது. 1971இன் சட்டத்தால் தேசிய பயிலுநர் சபை தோன்றியது. 1990இல் மூன்றாம் நிலை, தொழிற்கல்விச் சட்டமும், 1995இல் தொழிற்பயிற்சி அதிகாரசபைச் சட்டமும் வந்தன. வவுனியாவிலே தொழில்நுட்பக் கல்லூரி உண்டு. போரின் பின் மூன்று மாவட்டங்களிலும் பயிற்சி நிலையங்கள் பெருகின. 2016இல் கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் திறக்கப்பட்டது. இங்கு வரும் மாணவன் மூன்றாவது ஒரு மொழியினையும் எதிர்கொள்கிறான். திருத்தகத்தில் ‘வெல்டிங்’ என்றது குறிப்பேட்டில் ‘உருக்கி ஒட்டுதல்’ ஆகிறது. ‘பிளம்பர்’ ‘நீர்க்குழாய் பொருத்துநர்’ ஆகிறார். கலைச்சொல் ஆக்கம் மொழிக்கு வளமே. இடருறும் மாணவனுக்கோ, கையால் நன்கறிந்த பொருளும் தாளிற் கண்டவுடன் அந்நியமாகிவிடுகிறது.

தொழில் கற்பதற்கு எழுத்தும் எண்ணும் வேண்டாம் என்று எண்ணுவது பிறிதொரு தவறு. மேசனுக்கு அளவு நாடாவில் அங்குலத்தின் எட்டிலொரு கூற்றினையும் மில்லிமீற்றரையும் பிரித்தறியத் தெரியவேண்டும். சீமெந்து, மணல் விகிதத்தைப் பிசகாமற் கணிக்கவேண்டும். மின்னிணைப்பாளன் சுற்று வரைபடத்தை வாசிக்கவேண்டும்; எச்சரிக்கைப் பலகையை வாசிக்கத் தவறினால் உயிருக்கே ஆபத்து. ஆதலால் எழுத்தினை விலக்கிவிடுவது ஆதரவு ஆகாது. அதனை அணுகும் வழியை மாற்றுவதே ஆதரவு. கருவிப் பெட்டியில் சொல்லோடு படமும் ஒட்டலாம். வேலையின் படிகளை ஒரே மூச்சிற் சொல்லாது ஒவ்வொன்றாகச் செய்துகாட்டி, செய்வித்து, மாணவனையே திரும்பச் சொல்லவைக்கலாம். அளவு நாடாவில் அடிக்கடி வேண்டப்படும் அளவுகளுக்கு நிறக்குறி இடலாம். வினாத்தாளை உரக்க வாசித்துக் காட்டி மேலதிக நேரம் அளிக்கலாம். இவற்றுள் எதுவும் பெருஞ்செலவுடையதன்று. 2004 அளவில் நடைமுறைக்கு வந்த தேசிய தொழிற்றகைமை முறையும் இதற்கு ஓரளவு இடந்தருகிறது. அதன் கீழ்ப்படிகளிலே செய்துகாட்டும் தேர்ச்சியே முதன்மையான அளவுகோல். முன்னரே பட்டறையிற் கற்றதை மதிப்பிட்டுச் சான்றிதழ் வழங்கவும் வழியுண்டு. 1972இல் எண்ணப்பட்டுக் கைவிடப்பட்டதொன்று வேறுருவில் திரும்பி வந்துள்ளது என்றே கூறத்தோன்றுகிறது.

சட்டமோ இன்னும் அங்கு வரவில்லை. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க வலுவிழந்தோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், உடல் அல்லது உளக் குறைபாட்டினால் தனது வாழ்க்கைத் தேவைகளைத் தானே முழுமையாகவோ பகுதியாகவோ நிறைவேற்ற இயலாதவரையே வலுவிழந்தவர் என வரையறுத்தது. கல்வி நிலைய அனுமதியில் பாகுபாடு காட்டலாகாது என்னும் அதன் ஏற்பாடு சிறந்தது. ஆனால் லாண்ட்மாஸ்டரைப் பிரித்துப் பூட்டும் இளைஞன், தன் பெயருக்கு மேல் வாசிக்க முடியாதவனாயினும், இவ்வரையறைக்குள் எளிதில் அடங்கான். இந்தியாவின் 2016ஆம் ஆண்டுச் சட்டம் ‘குறிப்பிட்ட கற்றல் இடர்பாடு’ என்பதனைப் பெயர் சுட்டியே இருபத்தொரு வகைகளுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டமை இங்கு ஒப்புநோக்கத்தக்கது. தமிழகத்திலே 1990களின் தொடக்கத்திலிருந்தே சென்னை டிஸ்லெக்சியா சங்கம் இத்துறையில் உழைத்துவந்தமையும் நினைவுகொள்ளத்தக்கது.

2017இல் தொடங்கிய பதின்மூன்று வருட உத்தரவாதப்படுத்தப்பட்ட கல்வித் திட்டம், சாதாரண தரத்தில் தவறியோரும் பாடசாலையிலேயே தங்கித் தொழிற்பாடங்களைக் கற்க வழிசெய்தது. தவறியவனை வெளியே அனுப்பாது உள்ளே வைத்துக்கொள்ளும் ஏற்பாடு இந்நாட்டுக் கல்வியில் இதற்குமுன் அரிது. உள்ளே வருபவன் கையோடு கொண்டுவருவது ஒரு பெறுபேற்றுத் தாள். அதிலே தமிழுக்கு நேரே ‘டபிள்யூ’ என்ற ஓரெழுத்து நிற்கும். வன்னியின் இருண்ட ஆண்டுகளில் வகுப்பை இழந்தமையால் வந்த எழுத்தா, எத்தனை வகுப்பிருந்தும் வசப்படாமையால் வந்த எழுத்தா என்பதனை அத்தாள் சொல்வதில்லை. அதனைக் கேட்டறியும் பொறுப்பு, உருக்கி ஒட்டுதல் கற்பிக்க வந்த ஆசிரியரின் மேசையில் வந்து சேர்ந்திருக்கிறது.